கடலா மலையான்னு பூ கேட்டோம்

ஏற்காட்டுல இருக்கறவங்களுக்கு எதுக்குங்க டூருன்னு என்னைக் கேக்காத ஆளு இந்த ஊர்ல பாக்கி இல்ல. காய்கறிக் கடையில கேட்டாங்க, பேங்க்ல கேட்டாங்க, பால் ஊத்த வர்றவரு கேட்டாரு. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டதும் விசாரிக்க ஊட்டுக்கு வந்த போலீஸ்காரரும் அதையேதான் கேட்டாரு. "சனமெல்லாம் காசைக் குடுத்துட்டு இங்க வருது, நீங்க எங்கம்மா கெளம்பிட்டீங்க?" அவரு கையில நான் போட்டுக் குடுத்த காப்பி இருந்துச்சு. அந்த டம்ளரைப் பிடுங்கிக்கிட்டுப் போயிடலாமான்னு இருந்துச்சு எனக்கு.

சனம் இங்க வர்றது நெசந்தான். எதுக்கு வருது? சும்மா இருக்கறதுக்கு வருது. நான் இங்க சும்மாவா இருக்கறேன்? எங்க ஊட்டு மாடியில ரூம் கட்டி வாடகைக்கு விடறோம். ஏரியில இருந்து மேல ஏறி வர்ற ரோட்டுல இருக்குது. லாட்ஜுன்னு சொல்லிக்கற அளவுக்குப் பெருசில்ல. அதுக்கு முந்தி எங்க ஊட்டுக்காரர் ஒரு காப்பி எஸ்டேட்ல ரைட்டரா இருந்தாரு. ஆளுங்களுக்குப் பேர் போடறது, பறிச்ச பழத்தை எடை போடறதுன்னு அந்த வேலை. எஸ்டேட் கைமாறினதும் அதை விட்டுட்டு ரெண்டு பேருமா ரூம்ல எறங்கினோம். வர்றவங்களை வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வச்சு, பில்லைப் போட்டு, எந்த எடத்துக்கு எப்படிப் போகணும்னு வழி சொல்லறது அவரு வேலை. பெட்ஷீட், பாத்ரூம், வெந்நி, டிபன் எல்லாம் என் தலையில.

மழை மாசத்துல பெட்ஷீட் காயவெக்கற கூத்தைக் கேட்டா நீங்க இந்த மலைக்கே வரமாட்டீங்க. மூணு நாள் கயித்துல தொங்குனாலும் ஈரம் போகாது. பனி உள்ளயே வந்து உக்காந்துக்கும். ஒவ்வொண்ணா இஸ்திரிப் பெட்டியை வெச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சே காய வெப்பேன். தேய்ச்சு முடிச்சு விரிச்ச கட்டில்ல புதுசாக் கட்டிக்கிட்ட சோடி ஒண்ணு வந்து விழும். அப்புறம் மத்தியானம் வரைக்கும் கதவு தொறக்காது. நல்லா இருக்கட்டும், நான் வேண்டாங்கல. ஆனா எனக்கும் ஒருநாள் யாராச்சும் ஒரு கட்டிலை விரிச்சுப் போடணும்னு இருக்காதா? மனுசிதானே நானு?

கல்யாணம் ஆனதுல இருந்து நாங்க ரெண்டு பேரும் தனியா எங்கயும் போனதில்ல. நம்பமாட்டீங்க, சத்தியமா இல்ல. திருச்செந்தூருக்குப் போனோம், ஒரு பஸ் நெறைய சொந்தக்காரங்களோட. எல்லாரும் கடல்ல எறங்கிக் கும்மாளம் போட்டாங்க. நான் கரையில நின்னு அத்தனை பேரு செருப்புக்கும் பைக்கும் காவல் இருந்தேன். எங்க ஊட்டுக்காரரு தண்ணிக்குள்ள இருந்து கையை ஆட்டி, "என் வாட்சைப் பத்தரமா வெச்சிருக்கியா புள்ள?"ன்னு கேட்டாரு. அதுதான் எங்களோட கடல் பயணம். இப்ப நெனைச்சாலும் பத்திக்கிட்டு வருது.

மக கல்யாணம் முடிஞ்சு பெங்களூர் போனதுக்கப்புறம் ஒருநாள் போன்ல சொன்னா. "அம்மா, நீயும் அப்பாவும் மட்டும் ஒரு வெளிநாட்டுக்குப் போயிட்டு வாங்க. வேற யாரையும் கூட்டிக்கிட்டுப் போவாதீங்க." புள்ளைக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க! அந்த 'மட்டும்'கற வார்த்தையை நான் அப்படியே பிடிச்சுக்கிட்டேன். வேற எதை விட்டாலும் இதை விடமாட்டேன்னு மனசுல வெச்சுக்கிட்டேன். பரீட்சை மாசத்துல ரூமெல்லாம் காத்தாடும், அப்பப் போயிடலாம்னு அவரும் தலையை ஆட்டினாரு.

சேலத்துல ட்ராவல்ஸ் நடத்தற ஒரு அம்மாவைப் போயிப் பாத்தோம். பொறுமையான மனுசி. முதல் தடவை போறவங்களுக்குப் பக்கத்து நாடுதானுங்க தோதுன்னு சொல்லிப் படமாக் காட்டுனாங்க. எங்க ஊட்டுக்காரரு ஒவ்வொரு படத்தையும் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தாரு. கடலைப் பாத்தாரா, மலையைப் பாத்தாரா? பாத்ரூம் டைல்ஸைப் பாத்தாரு. "கீசர் இத்தனூண்டு வெச்சிருக்கான், ரெண்டாவது ஆள் குளிக்கறப்ப பச்சத்தண்ணிதான் வரும்" அப்படிங்கறாரு. 'லேக் வியூ'ன்னு போட்டிருந்த ரூமைப் பாத்து நானே சிரிச்சுட்டேன். பாத்ரூம் ஜன்னல்ல எக்கிப் பாத்தா மூலையில கொஞ்சம் தண்ணி தெரியும், அதுக்குப் பேருதான் லேக் வியூ. நாங்களும் அப்படித்தான சொல்லி விடறோம்!

அந்தம்மா கடைசியா மாலத்தீவுல ஒரு சின்னத் தீவைக் காட்டுனாங்க. ஒரு நீட்டு நாற்காலி, எதுத்தாப்புல தண்ணி, அவ்வளவுதான். "அங்க பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?"ன்னு கேட்டேன். "ஒண்ணுமில்லீங்கக்கா. கடல்தான். நடந்தே தீவைச் சுத்தி வந்துரலாம். சாப்பாட்டை அவங்களே கொண்டாந்து குடுத்துருவாங்க" அப்படின்னாங்க. எனக்கு அப்பவே முடிவாயிருச்சு. பாக்க ஒண்ணுமில்லாத எடம்! இத்தனை வருசமா பாக்கற எடத்துக்கெல்லாம் வழி சொல்லிச் சொல்லி வாழற குடும்பத்துக்கு அதைவிட என்னங்க வேணும்?

எங்க ஊட்டுக்காரரு தொண்டையைச் செருமினாரு. "இலங்கையில நுவரெலியான்னு ஒரு ஊர் இருக்குதாமே, அதைக் காட்டுங்க" அப்படின்னாரு. காட்டுனாங்க. மலை. ஏரி. ஏரியில காலால மிதிச்சு ஓட்டற மிதிபோட்டு. சுத்தியும் எஸ்டேட். பனி. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு சோளம் திங்கற சனம். நான் படத்தையும் பாத்தேன், அவரையும் பாத்தேன். "ஏனுங்க, இது நம்ம ஊருங்க!"ன்னு கத்தியே போட்டேன். பக்கத்து சீட்டுல இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. "நம்மூர்ல காப்பி, அங்க தேயிலை. வேற புள்ள அது" அப்படிங்கறாரு, மூஞ்சியைப் பெரிய மனுசனாட்டம் வெச்சுக்கிட்டு.

ஊருக்குத் திரும்பற பஸ்ல கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சண்டை. பாஸ்போர்ட் வாங்கி, பிளேன் ஏறி, கடல் தாண்டிப் போயி, அங்கயும் ஒரு மலைமேல ஏறி, ஏரியைச் சுத்திப் பாத்துட்டு வர்றதா? யாருகிட்டயாச்சும் சொன்னா வாயால சிரிக்கமாட்டாங்க! அவரு சொல்ற காரணமெல்லாம் நியாயம் மாதிரியேதான் இருக்கும். அங்க தமிழ் பேசுவாங்க, சோறு கிடைக்கும், குளிர் பழகினது, முதல் தடவைக்குப் பயமில்லாம ஆரம்பிச்சா அடுத்த தடவை கடலுக்குப் போலாம். அடுத்த தடவையாம்! முதல் தடவைக்கே இத்தனை வருசம் ஆச்சு, அடுத்த தடவை என்னைத் தூக்கிக்கிட்டுத்தான் போகணும்.

இது இப்படி இருக்கறப்ப ஒரு ஞாயித்துக்கிழமை மாரமங்கலத்துல இருந்து என் கொழுந்தனாரும் அவரு பொண்டாட்டியும் ஒரு பை ஆரஞ்சோட வந்து நின்னாங்க. அவங்களுக்குக் காப்பித் தோட்டமும் மிளகும் இருக்குது, வேலையை விட்டுட்டுச் சும்மா வர்ற ஆளுங்க இல்ல. காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள என் ஓரகத்தி ஆரம்பிச்சுட்டா. "அக்கா, மிளகு பறிச்சு முடிச்சதும் எங்களுக்கும் ஓய்வுதானுங்க. நாலு பேராப் போனா நல்லா இருக்கும். நீங்க ரெண்டு பேரும் தனியாப் போயி என்ன பண்ணப் போறீங்க?" எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! வாயில வந்ததை ஆரஞ்சோட சேத்து முழுங்கிட்டேன். எங்க ஊட்டுக்காரரு வாயில கொழுக்கட்டையை வெச்சவராட்டம் செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. 'இல்ல தம்பி, இந்தத் தடவை நாங்க மட்டும்'னு ஒரு வார்த்தை. அதைச் சொன்னா வாயில இருக்கற பல்லா கொட்டிப்போயிரும்?

அவங்க போனதுக்கப்புறம் அவளைத் திட்டினேன் பாருங்க, அப்படித் திட்டினேன். பாத்திரம் கழுவறப்ப திட்டினேன், தலையணைக்கு உறை மாட்டறப்ப திட்டினேன். கூப்பிடாத ஊட்டுக்கு எலை போடச் சொல்லி வந்து உக்கார்றா பாரு, வெக்கங்கெட்டவன்னு. எங்க ஊட்டுக்காரரு மறுபேச்சு பேசல. எனக்கு சப்போர்ட்டுன்னுதான நெனைச்சேன்! அவரு கம்முனு இருந்ததோட அர்த்தம் அப்ப எனக்கு எங்க புரிஞ்சுச்சு?

கடைசியில அவருதான் சொன்னாரு. "நீ கடல்ங்கற, நான் மலைங்கறேன். இது தீராது. சேர்வராயன்கிட்ட பூ கேட்டுரலாம்."

பூ கேக்கறதுன்னா எங்க பக்கத்துல பொண்ணு பாக்கறதுல இருந்து போர் போடறது வரைக்கும் நடக்கற காரியம். வெள்ளைப்பூ ஒண்ணு, செவப்புப்பூ ஒண்ணு, தனித்தனியா எலையில மடிச்சு நூலால கட்டி சாமி முன்னால வெக்கறது. எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம்னு மனசுல நெனைச்சுக்கிட்டு, வெவரம் தெரியாத ஒரு புள்ளைய விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்றது. வந்த பூதான் சாமி வாக்கு. அதுக்கு மேல யாரும் பேசக்கூடாது. மாலத்தீவா நுவரெலியான்னு சேர்வராயனைக் கேட்ட ஆளுங்க நாங்களாத்தான் இருப்போம். அந்தச் சாமி ஏற்காட்டைத் தாண்டி எங்க போயிருக்கும், பாவம், அதுகிட்டப் போயி! ஆனா எனக்குச் சம்மதந்தான். சாமி எனக்கு அநியாயம் பண்ணாதுன்னு ஒரு தைரியம்.

செவ்வரளின்னா கடல், வெள்ளரளின்னா மலை. அப்படிப் பேசிக்கிட்டோம். ரூம்ல ஒரு குடும்பம் காலி பண்ணிட்டு இருந்ததால பூப் பறிச்சு மடிக்கற வேலையை அவருகிட்ட விட்டுட்டுப் பெட்ஷீட்டை உருவப் போயிட்டேன். மத்தியானத்துக்கு மேல ஸ்கூட்டர்ல கெளம்பினோம். கோயில் இருக்கற மலை உச்சியில காத்துன்னா காத்து, சேலையைப் பிடிச்சுக்கிட்டே நடக்கணும். சாமி இருக்கறது ஒரு குகைக்குள்ள, குனிஞ்சுதான் போனோம். பூசாரிகிட்ட விசயத்தைச் சொன்னதும் அவரு ஒரு நிமிசம் எங்களை மேலயும் கீழயும் பாத்தாரு. அப்புறம் ரெண்டு பொட்டலத்தையும் வாங்கி சாமி காலடியில வெச்சாரு. சாமி கும்பிட வந்திருந்த ஒரு குடும்பத்துல ஒரு சின்னப் பொண்ணு இருந்துச்சு. "ஒண்ணை எடு கண்ணு"ன்னாரு. அது எடுத்துச்சு. பிரிச்சாரு. வெள்ளை.

சரி, சாமி சொல்லிருச்சு, நமக்கு விதிச்சது ஏரியும் மிதிபோட்டுந்தான்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு, அதையும் மறைக்கல. அந்த நேரம் பாத்து எங்க ஊட்டுக்காரரு கையை நீட்டி இன்னொரு பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில போட்டாரு. வேகமா. நான் ரூம் நடத்தறவ. காலி பண்ணிட்டுப் போறவங்க பையில எங்க துண்டு இருக்குதா இல்லையான்னு நடையைப் பாத்தே சொல்லுவேன். "அதைப் பிரிங்க"ன்னேன்.

"சாமி சொன்னதுக்கப்புறம் அது எதுக்கு புள்ள?"

"பிரிங்கன்னு சொல்றேன்."

திருதிருன்னு முழிச்சாரு. நானே பையில கையை விட்டு எடுத்துப் பூசாரி முன்னாலயே பிரிச்சேன். அதுலயும் வெள்ளரளி!

அட கெரகமே! சாமியை ஏமாத்தப் பாத்திருக்காரு மனுசன்! ஸ்கூட்டர் சாவியைக்கூட சாமி படத்துக்கு முன்னால வெச்சு எடுக்கற ஆளு. பூனை குறுக்க போனா தண்ணி குடிச்சுட்டுக் கெளம்பற ஆளு. அந்த ஆளு சேர்வராயனுக்கு முன்னால ரெண்டு வெள்ளைப்பூவை வெச்சுட்டுக் கைகட்டி நின்னிருக்காரு! பூசாரி ஒண்ணுமே கேக்காத மாதிரி வெளக்குக்கு எண்ணெய் ஊத்தப் போயிட்டாரு. அந்தக் குடும்பத்துப் பொம்பளை வாயில கையை வெச்சுக்கிட்டா. எனக்கு மானமே போச்சு. குனிஞ்சு வெளிய வந்து, ஸ்கூட்டரைத் தாண்டி, ரோட்டுல நடக்க ஆரம்பிச்சுட்டேன்.

பின்னாலயே வந்தாரு, இஞ்சினை நிறுத்திட்டு காலால தள்ளித் தள்ளி. "ஏறு புள்ள, சனம் பாக்குது."

"பாக்கட்டும். சாமியே பாத்துருச்சு, சனம் பாத்தா என்ன?"

"கால் வலிக்கும்."

"என் கால் எத்தனை தடவை மாடிப்படி ஏறி எறங்குதுன்னு என்னைக்காச்சும் கேட்டிருக்கீங்களா? இன்னைக்கு மட்டும் வலிக்கப் போவுதாக்கும்!"

அப்படியே கொஞ்ச தூரம் போயிருப்போம், எதுத்தாப்புல ஒரு கார் வந்து நின்னுச்சு. கோயிலுக்கு இதுதானே வழின்னு கேட்டாங்க. அவ்வளவுதான்! எங்க ஊட்டுக்காரரு ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டே நிறுத்திட்டாரு. நேராப் போயி எங்க வண்டி நிறுத்தணும், குகைக்குள்ள எங்க தலை இடிக்கும், சாயங்காலம் கரடியூர்ல நின்னு பாத்தா எப்படி இருக்கும், மே மாசம் திருவிழாவுக்கு வந்தீங்கன்னா என்னெல்லாம் நடக்கும்னு பேசறாரு பேசறாரு, அப்படிப் பேசறாரு. கையெல்லாம் ஆடுது. மூஞ்சியில ஒரு வெளிச்சம். கார் போனதும் எனக்குத் தாங்கல. "பாத்தீங்களா? முன்னப்பின்ன தெரியாதவனுக்கு எத்தனை பேச்சு வருது! எங்கிட்ட ஒரு நாளாச்சும் இப்படிக் கையை ஆட்டிப் பேசியிருக்கீங்களா?"

நான் கோவத்துல எகிறித்தான் சொன்னேன். அவரு நின்னுட்டாரு. "அதுதான் புள்ள" அப்படின்னாரு. "அதேதான்."

என்ன அதேதான்னு கேட்டேன்.

"எனக்கு வர்ற பேச்சு அது ஒண்ணுதான். மலைன்னா தேயிலையைப் பத்திப் பேசலாம், கூலி என்ன குடுக்கறான்னு கேக்கலாம், ரூமை எப்படி வெச்சிருக்கான்னு உங்கிட்ட ஏதாச்சும் சொல்லிக்கிட்டே இருக்கலாம். தம்பி கூட வந்தா அவனோட பேசிக்கலாம், நீ அவன் பொண்டாட்டியோட பேசிக்குவ. அந்தக் கடல்ல என்ன இருக்குது? நீயும் நானும் மட்டும். காலையில இருந்து பொழுது போற வரைக்கும். உங்கிட்ட நான் என்ன பேசறது? எனக்குப் பயமா இருக்குது புள்ள."

மத்ததெல்லாம் காதுல ஏறறதுக்கு முந்தி ஒண்ணு ஏறுச்சு. "தம்பி கூட வந்தாவா? அப்ப அவங்களை வரச் சொன்னது...?"

"நாந்தான்."

பாவி மனுசன்! அந்த ஓரகத்தியை நான் என்னென்ன சொல்லித் திட்டினேன்! ஒரு பை ஆரஞ்சோட அவரு கூப்பிட்டுத்தான் வந்திருக்கா அவ, ஏவி விட்ட கேள்வியைத்தான் கேட்டிருக்கா. நான் தலையணையைப் போட்டு அடிச்சுக்கிட்டுத் திட்டறதை எல்லாம் கேட்டுக்கிட்டு இவரு கம்முனு நின்னிருக்காரு. கையில ஏதாச்சும் இருந்திருந்தா வீசியிருப்பேன்.

ரோட்டோரத்துக் கட்டைச் செவுத்துல உக்காந்துட்டேன். நாம என்ன பேசிக்கறோம்னு யோசிச்சுப் பாத்தேன். டேங்க்ல தண்ணி இருக்குதா. மேல வெந்நி கேட்டாங்களே, போச்சா. கேஸ் தீரப்போகுது. கீழ் ரூம்ல பல்பு போச்சு. காலையில அது, மத்தியானம் அது, பொழுதோட அது. ரூமை விட்டுட்டு நாங்க பேசுன பேச்சு ஒண்ணைத் தேடினேன், சட்டுனு ஒண்ணும் கைக்குச் சிக்கல. எனக்கு அழுகையா வந்துச்சு. அழுகையைவிட ஆத்திரம் நொம்ப வந்துச்சு. கட்டிக்கிட்ட பொண்டாட்டிகூட உக்காந்திருக்கறதுக்கு ஒரு மனுசனுக்குப் பயமா? இந்தக் குடும்பத்தை இழுத்துக்கிட்டு வந்தது இதைக் கேக்கறதுக்கா?

சொல்லியே போட்டேன். "நான் உங்களைக் கடிச்சா திங்கப் போறேன்? எங்கூட ஒரு எடத்துல உக்கார்றதுக்கு உங்களுக்கு ஏரி வேணும், எஸ்டேட் வேணும், தம்பி வேணும், தம்பி பொண்டாட்டி வேணும். நான் ஒருத்தி போதலையா?"

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு செருப்பு நுனியால மண்ணைக் கீறுனாரு. "அங்க போயி எனக்குப் பேச்சு வரலைன்னா?"

"வரலைன்னா வாயை மூடிக்கிட்டு உக்காருங்க! நானும் உக்கார்றேன். பேசறதுக்குன்னா நான் கேட்டேன்? யாரோ கூப்பிட்டாங்கன்னு நீங்க ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் எந்திரிச்சு ஓடாம, ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்து உக்காரணும். அவ்வளவுதான் கேட்டேன். அதைக் குடுக்கறதுக்கு உங்களுக்கு ஏன் இத்தனை கள்ளத்தனம்?"

போனை எடுத்து ட்ராவல்ஸ் அம்மாவுக்குப் போட்டேன். அவரும் கேக்கட்டும்னு சத்தமா வெச்சேன். "எங்களுக்கு அந்தத் தீவே போடுங்க"ன்னேன். அந்தம்மாவுக்கு ஆச்சரியம். "சார் போன வாரம் பேசறப்ப நுவரெலியாதான்னாரே, நாலு பேருன்னாரே. மத்த ரெண்டு பேரும் இதுக்கு வர்றாங்களாங்கக்கா?" போன வாரமே! பூ கேக்கறதுக்கு முந்தியே! போனை அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். நான் சொல்லமாட்டேன், இதை நான் சொல்லக்கூடாது.

அவரு போனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. தொண்டையைச் செருமினாரு. "நாலு இல்லீங்க. ரெண்டு பேருதான். தம்பிகிட்ட நான் சொல்லிக்கறேன்" அப்படின்னாரு. கொழுந்தனாருக்கு அந்த வார்த்தையை எப்படிச் சொல்லப் போறாருங்கறது அவரு பாடு. அதுல நான் உதவி பண்றதா இல்ல.

அந்தம்மா சரிங்க சார்னு எழுதிக்கிட்டாங்க. அப்புறம் வழக்கமாக் கேக்கற கேள்விதான், நாங்களும் வர்றவங்களை எத்தனையோ தடவை கேட்டதுதான். "கட்டில் எப்படிங்க சார்? சேந்தாப்புலயா, தனித்தனியாவா?"

நான் போனை நீட்டின கையை எடுக்கல. ரூம் நடத்த ஆரம்பிச்ச நாள்ல இருந்து அவரு படுக்கறது முன்னால பில் போடற மேஜைக்குப் பக்கத்துல, யாராச்சும் மணி அடிச்சா எந்திரிக்க. நான் படுக்கறது சமையக்கட்டுக்குப் பக்கத்து ரூம்ல, அடுப்புப் பத்தவெக்கத் தோதா. அது யாரும் முடிவு பண்ணி நடந்ததில்ல, அப்படியே ஆகிப்போனது. அதைப் பத்தி நாங்க ஒருநாளும் பேசினதுமில்ல. அந்தம்மா, "சார்? லைன்ல இருக்கீங்களா?"ன்னாங்க.

"சேந்தாப்புலயே போடச் சொல்லுங்க" அப்படின்னாரு எங்க ஊட்டுக்காரரு, ரோட்டுல போறவங்க திரும்பிப் பாக்கற அளவுக்குச் சத்தமா. சொல்லிட்டு என்னைப் பாக்காம பள்ளத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. காது ரெண்டும் செவந்து போயிருந்துச்சு.